டர்பனிலிருந்து நாட்டிங்ஹாம் ரோடு வரை கார் க்ரூஸ்: 15 வண்டிகளை ஒன்றாகக் கொண்டுபோவது எப்படி?

சிட்டி கோல்ஃப் பிரியன், சாட்ஸ்வொர்த்

எல்லோருக்கும் வணக்கம். சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், மெர்பேங்க், டோங்காட் என்று ஆளுக்கொரு மூலையில் இருக்கிற எங்கள் கார் நண்பர்களை ஒருநாள் ஒன்றாகச் சேர்த்து, பீட்டர்மாரிட்ஸ்பர்குக்கு மேலே இருக்கிற மிட்லண்ட்ஸ் பக்கம் க்ரூஸ், அதாவது வரிசையாக ஒரு கார் உலா, போகலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறோம். வாட்ஸ்அப்பில் இதுவரை 15 வண்டி பேர் கொடுத்திருக்கிறது. இரண்டு சிட்டி கோல்ஃப், மூன்று பழைய கொரோல்லா, ஒரு டொயோட்டா டாஸ், ஒருவருடைய அப்பா காலத்து நிசான் 1400 பக்கி (பின்னால் சரக்கு ஏற்றுகிற சின்ன பிக்கப் வண்டி), பிஎம்டபிள்யூ 325ஐஎஸ் ஒன்று, மீதி எல்லாம் ஸ்விஃப்ட், போலோ மாதிரி புது வண்டிகள். பாதிப் பேர் மனைவி பிள்ளைகளோடு வருகிறார்கள், ஒரு வீட்டில் பாட்டியும் வருகிறார்.

நாள் செப்டம்பர் 24, ஹெரிடேஜ் டே. எல்லோருக்கும் அரசு விடுமுறை என்பதால்தான் அந்த நாளைப் பிடித்தோம். டர்பனில் கிளம்பி என்3 நெடுஞ்சாலையில் ஹோவிக் வரை, அங்கிருந்து ஆர்103 சாலையில் மண்டேலா கைதான இடத்தைப் பார்த்துவிட்டு நாட்டிங்ஹாம் ரோடு, அங்கே ப்ராய் போட்டு (நெருப்பில் இறைச்சி வாட்டி) சாப்பிட்டுவிட்டுத் திரும்புவது என்று இப்போதைக்கு ஒரு திட்டம் இருக்கிறது.

என்னுடைய பயமெல்லாம் வரிசை சிதறுவதைப் பற்றித்தான். வேறு குழுக்களோடு போனபோது பார்த்திருக்கிறேன், முதல் வண்டி ஒரு ரோபோவை, அதாவது சிக்னல் விளக்கை, தாண்டியதும் பின்னால் வருகிறவன் சிவப்பில் பாய்கிறான், வேகமான வண்டிக்காரர்கள் கண்ணுக்கு எட்டாத தூரம் போய்விடுகிறார்கள், கடைசியில் வருகிற பழைய வண்டி எங்கே நிற்கிறது என்று யாருக்கும் தெரிவதில்லை. எங்கள் க்ரூஸ் அப்படி ஆகக் கூடாது. யார் முன்னால், யார் பின்னால், எத்தனை வண்டி ஒரு வரிசையில், எங்கே நிறுத்துவது? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

---

மலைப்பாதை அண்ணன், பைன்டவுன்

தம்பி, நல்ல விஷயம் செய்கிறீர்கள். முதலில் பாதையைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வரிசை சிதறுவதும் சிதறாததும் பாதி பாதையிலேயே முடிவாகிவிடும்.

போகும்போது என்3 வேண்டாம். ஜோஹானஸ்பர்க்குக்குச் சரக்கு போகிற லாரி எல்லாம் அந்தச் சாலையில்தான், அதோடு டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்குக்கும் நடுவில் சாலை விரிவாக்க வேலை வேறு நடக்கிறது. மூன்று லாரிக்கு இடையில் மாட்டிக்கொண்டால் 15 வண்டியை ஒன்றாக வைத்திருக்க யாராலும் முடியாது. எம்13 பிடித்து பைன்டவுன், க்ளூஃப், ஹில்க்ரெஸ்ட் வந்து பழைய மெயின் ரோட்டில் ஏறுங்கள். போத்தாஸ் ஹில், ஆயிரம் குன்றுகளின் பள்ளத்தாக்கு, இன்சாங்கா, கேட்டோ ரிட்ஜ், கேம்பர்டவுன் என்று போகும். காம்ரேட்ஸ் மாரத்தான் ஓட்டக்காரர்கள் ஓடுகிற பாதை பெரும்பாலும் இதுதான், 1921இலிருந்து ஓடுகிறார்கள். வளைவுக்கு வளைவு பள்ளத்தாக்கு தெரியும், க்ரூஸ் என்றால் இதைத்தானே பார்க்கப் போகிறோம். மரியான்ஹில் டோலும் மிச்சம்.

ஒன்று மட்டும் கவனியுங்கள். விடுமுறைக் காலையில் அந்தச் சாலையில் சைக்கிள்காரர்களும் ஓட்டப் பயிற்சிக்காரர்களும் நிறைய வருவார்கள், வளைவு திரும்பினால் இருவர் இருவராக ஓடிக்கொண்டிருப்பார்கள். அங்கே 60க்கு மேல் யாரும் மிதிக்கக் கூடாது என்று முன்கூட்டியே எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள்.

டர்பனுக்குள்ளேயே வரிசை கட்ட வேண்டாம். சாட்ஸ்வொர்த்காரர்கள் ஹிக்கின்சன் நெடுஞ்சாலை வழியாக வருவார்கள், டோங்காட்டும் ஃபீனிக்ஸும் என்2 வழியாக வரும். எல்லோரும் அவரவர் வழியில் ஹில்க்ரெஸ்ட் வந்து சேரட்டும், க்ரூஸ் அங்கேதான் ஆரம்பம். ஊருக்குள் இருக்கிற ரோபோவில் பாதி இப்படியே கழிந்துவிடும்.

இப்போது வரிசை. முதல் வண்டிக்குப் பாதை தெரிந்த, நிதானமான ஆள். நல்ல வண்டி வைத்திருப்பவர்தான் முன்னால் போக வேண்டும் என்று ஒரு கணக்கும் கிடையாது. அவருக்குப் பின்னால் இரண்டாவதாக அந்த 1400 பக்கியை விடுங்கள், அதற்குப் பின்னால் பழைய கொரோல்லாக்கள். ஏற்றத்தில் பக்கி என்ன வேகம் போகிறதோ அதுதான் க்ரூஸின் வேகம். மெதுவான வண்டியைக் கடைசியில் விட்டால் இடைவெளி ரப்பர் மாதிரி இழுபட்டுக்கொண்டே போகும், முன்னால் இருப்பவர் 80இல் போனாலும் கடைசி ஆள் எட்டிப் பிடிக்க 110இல் விரட்டிக்கொண்டிருப்பார். 325ஐஎஸ் பின்னால் வரட்டும், அதற்கு எட்டிப் பிடிக்கிற சக்தி இருக்கிறது. கடைசி வண்டியில் ஸ்பானர் பிடிக்கத் தெரிந்தவர் ஒருவர், கயிறு, ஜம்பர் கேபிள், முதலுதவிப் பெட்டி. அவரைத் தாண்டி நம் வண்டி எதுவும் பின்தங்கக் கூடாது.

முக்கியமான விதி: ஒவ்வொருவருக்கும் தன் கண்ணாடியில் தெரிகிற பின் வண்டிதான் பொறுப்பு. முன் வண்டியைத் துரத்தவே வேண்டாம். பின் வண்டி கண்ணுக்குத் தெரியவில்லை என்றால் வேகத்தைக் குறையுங்கள், இன்னும் வரவில்லை என்றால் பத்திரமான இடம் பார்த்து ஒதுங்குங்கள். இப்படி ஒவ்வொருவரும் செய்தால் விஷயம் தானாக முதல் வண்டி வரைக்கும் போய்ச் சேர்ந்துவிடும், போனை எடுக்க வேண்டிய வேலையே இல்லை. அப்படி இருந்தால் சிவப்பில் பாய்வதற்கு ஒருத்தனுக்கும் காரணம் இருக்காது.

திருப்பங்களில் ஒரு ஆளை நிறுத்துங்கள். உதாரணத்துக்கு லயன்ஸ் ரிவர் பக்கம் டார்கில் போகிற சாலை பிரிகிறது, தெரியாதவர்கள் அதில் போய்விட வாய்ப்பு உண்டு. முதல் வண்டிக்கு அடுத்து வருகிறவர் அங்கே ஓரமாக நிறுத்தி, இண்டிகேட்டரைப் போட வேண்டிய பக்கம் போட்டு, எல்லோரையும் அனுப்பிவிட்டுக் கடைசி வண்டிக்கு முன்னால் சேர்ந்துகொள்வார். அடுத்த திருப்பத்துக்கு அப்போது இரண்டாவதாக இருப்பவர். பக்கியை மட்டும் இந்த வேலைக்கு நிறுத்தாதீர்கள், அதன் இடம் முன்னால்தான்.

---

டோங்காட் அக்கா

அண்ணன் சொன்ன பாதை சரி. நாளைப் பற்றி யாரும் பேசவில்லையே! செப்டம்பர் 24 புரட்டாசி. எங்கள் வீட்டில் மாதம் முழுக்க விரதம், உங்கள் குழுவிலும் பாதி வீடு அப்படித்தான் இருக்கும். ஹெரிடேஜ் டே என்றால் ஊரே ப்ராய் போடும், சரிதான், ஆனால் நம்மவர்கள் நாலு பேர் இறைச்சி வாட்ட, மீதிப் பேர் தள்ளி உட்கார்ந்து பழம் சாப்பிடுவது நன்றாக இருக்காது. நாளை மாற்ற வேண்டாம், விடுமுறை கிடைப்பதே கஷ்டம். சாப்பாட்டை மாற்றுங்கள். முழுக்க சைவம் என்று இப்போதே அறிவித்துவிட்டால் ஒருவரும் சங்கடப்பட மாட்டார்கள்.

பீன்ஸ் பன்னி (ரொட்டியைக் குடைந்து உள்ளே பீன்ஸ் குழம்பு ஊற்றியது) கேட்பார்கள், ஆனால் க்ரூஸுக்கு அது வேண்டாம், நின்றுகொண்டே சாப்பிட முடியாது, ரொட்டி ஊறிப்போய் குழம்பு காருக்குள் வழியும். உருளைக்கிழங்கு கறியை ரொட்டியில் சுருட்டி, ஒவ்வொன்றாகத் தாளில் இறுக்கி மடித்துக்கொண்டு வந்தால் மதியம் வரைக்கும் கெடாது, பிள்ளைகள் கையில் பிடித்துச் சாப்பிடலாம். காரட் சம்பால் தனி டப்பாவில். பெரிய பானையில் தால் பிரியாணி செய்ய இரண்டு வீடு முன்வந்தால் நாட்டிங்ஹாம் ரோடு பக்கத்தில் பிக்னிக் இடம் பிடித்துச் சாப்பிடலாம், இல்லையென்றால் வழியில் மிட்மார் அணைப் பக்கம். அங்கே வாசலில் கட்டணம் உண்டு. 15 வண்டி வருகிறது என்று எந்த இடமானாலும் முன்கூட்டியே போன் போட்டுக் கேளுங்கள், விடுமுறை நாளில் நேராகப் போய் நின்றால் உள்ளே விடுவார்கள் என்று நம்ப முடியாது.

அப்புறம் கழிப்பறை. ஆண்கள் போடுகிற திட்டத்தில் இது வருவதே இல்லை. பாட்டியும் சின்னப் பிள்ளைகளும் இருக்கிற க்ரூஸில் ஒன்றேகால் மணி நேரத்துக்கு ஒரு நிறுத்தம் கட்டாயம். ஹில்க்ரெஸ்டில் கிளம்பும் முன் ஒன்று, பீட்டர்மாரிட்ஸ்பர்கில் பெட்ரோல் நிலையத்தில் ஒன்று, மண்டேலா இடத்தில் ஒன்று. போத்தாஸ் ஹில் வளைவுகளில் பின்சீட்டுப் பிள்ளைகளுக்குக் குமட்டும். வண்டி ஓடும்போது அவர்கள் கையில் போன் கொடுக்காதீர்கள், வெளியே பார்க்கச் சொல்லுங்கள். காலையில் வயிறு நிறையப் பாலும் கொடுக்க வேண்டாம்.

---

சிட்டி கோல்ஃப் பிரியன், சாட்ஸ்வொர்த்

அக்கா, புரட்டாசியைச் சொன்னதற்கு ரொம்ப நன்றி, இன்றைக்கே குழுவில் சைவம் என்று போட்டுவிடுகிறேன். தால் பிரியாணிக்கு என் அம்மா தயார்.

அண்ணா, பாதையும் பழைய மெயின் ரோடு என்று மாற்றியாகிவிட்டது. இரண்டு கேள்வி. பீட்டர்மாரிட்ஸ்பர்கிலிருந்து ஹில்டன் ஏறுகிற டவுன் ஹில் என்ற மலை ஏற்றத்துக்கு என்3 தவிர வேறு வழி சரியாக வருமா? இன்னொன்று, ஹோவிக் அருவியில் ஒரு போட்டோ எடுக்க எல்லோருக்கும் ஆசை.

---

மலைப்பாதை அண்ணன், பைன்டவுன்

டவுன் ஹில்லுக்கு என்3யே போங்கள், அந்த ஒரு ஏற்றம்தான். இடது ஓரத் தடத்தில், லாரி வேகத்தில், அவசரமே இல்லாமல். காலையில் மூடுபனி இருந்தால் ஹெட்லைட்டை டிப் பண்ணிப் போடுங்கள், ஓடுகிற வண்டியில் ஹசார்ட் போடாதீர்கள், இண்டிகேட்டர் யாருக்கும் தெரியாமல் போய்விடும்.

அருவி 95 மீட்டர், பார்க்க அழகுதான், ஆனால் அங்கே வண்டி நிறுத்துகிற இடம் சின்னது, 15 வண்டியோடு உள்ளே நுழைந்தால் கடைக்காரர்களுக்கும் தொந்தரவு, நமக்கும் தொந்தரவு. குழு போட்டோவை மண்டேலா இடத்தில் எடுங்கள், அங்கே நிறுத்த இடம் தாராளம். 1962 ஆகஸ்ட் 5 அன்று அவரைப் பிடித்த சாலையோரம் அது. 2012இல் வைத்த சிற்பம், 50 எஃகுத் தூண்கள். பக்கத்தில் நின்றால் வெறும் கம்பிகளாகத்தான் தெரியும், 35 மீட்டர் தள்ளி அதற்கென்று இருக்கிற இடத்தில் நின்றால் முகம் முழுசாகக் கூடிவரும். பிள்ளைகளை அந்தப் பாதையில் நடத்திக் கூட்டிப்போங்கள், தூண்கள் முகமாக மாறுவதை அவர்களே கண்டுபிடிக்கட்டும். அங்கே அரை மணி போதாது, ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்.

---

பழைய கொரோல்லா, ஃபீனிக்ஸ்

நான் பழைய வண்டிகளுக்காகப் பேசுகிறேன், ஏனென்றால் க்ரூஸ் நிற்பது பெரும்பாலும் அவற்றால்தான், ஆனால் க்ரூஸுக்கு அழகும் அவைதான். ஸ்விஃப்டை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். 1400 பக்கி போனால் பெட்ரோல் போடுகிற பையன் கூட ஓடி வந்து கதை கேட்பான்.

டவுன் ஹில்தான் சோதனை. கடல் மட்டத்திலிருந்து கிளம்பி மாரிட்ஸ்பர்கில் 600 மீட்டர் சொச்சம், அங்கிருந்து சில கிலோமீட்டருக்குள் ஹில்டனில் 1,100 மீட்டர் பக்கம், நாட்டிங்ஹாம் ரோடு போகும்போது 1,400ஐத் தாண்டிவிடும். 1,000 மீட்டர் ஏறினால் டர்போ இல்லாத எஞ்சின் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு சக்தியை இழக்கும். கார்புரேட்டர் வண்டியில் காற்று மெலிந்து பெட்ரோல் அதிகமாகி ஒரு மந்தம் தெரியும். அது கோளாறு இல்லை, திருகைத் தொடாதீர்கள், இறங்கி வந்ததும் சரியாகிவிடும்.

சூடுதான் கோளாறு. க்ரூஸுக்கு இரண்டு வாரம் முன்பே ரேடியேட்டர் மூடியின் ரப்பரைப் பாருங்கள், ஹோஸை விரலால் அழுத்திப் பாருங்கள், கிளாம்ப் பக்கத்தில் வெடிப்போ உப்பலோ இருந்தால் மாற்றுங்கள். வெறும் தண்ணீர் ஊற்றி ஓட்டுகிறவர்கள் கூலன்ட் கலந்து ஊற்றுங்கள். ஏற்றத்தில் முள் நடுவைத் தாண்டி ஏற ஆரம்பித்தால் ஏசியை நிறுத்துங்கள், ஹீட்டரை முழுசாகத் திறந்து ஃபேனைக் கூட்டுங்கள், ஒரு கியர் இறக்குங்கள். காருக்குள் வேகும், ஆனால் முள் இறங்கும். அப்படியும் இறங்கவில்லை என்றால் ஓரம் கட்டி பானெட்டைத் திறந்து வையுங்கள், மூடியைத் தொடவே தொடாதீர்கள். முக்கோணத்தை 45 மீட்டராவது பின்னால் வைத்து, எல்லோரும் தடுப்புக்கு அந்தப் பக்கம் போய் நில்லுங்கள். மொத்த க்ரூஸும் நெடுஞ்சாலை ஓரத்தில் வந்து நிற்கக் கூடாது, அதுதான் பெரிய ஆபத்து. கடைசி வண்டி மட்டும் உடன் நிற்கட்டும், மற்றவர்கள் அடுத்த பெட்ரோல் நிலையத்தில் காத்திருக்கட்டும்.

டயர். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஓடுகிற வண்டிகளில் கோடு புதுசாக இருக்கும், ரப்பர் செத்திருக்கும். பக்கவாட்டில் நான்கு இலக்கம் பாருங்கள், 2314 என்றால் 2014ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். சட்டப்படி ஆழம் 1 மில்லிமீட்டர் போதும், ஆனால் மிட்லண்ட்ஸில் மழை பிடித்தால் அந்த 1 மில்லிமீட்டரை நம்பி வளைவில் திரும்ப நான் என் பிள்ளைகளை உட்கார வைக்க மாட்டேன்.

திரும்பும்போது இறக்கம். பிரேக் ஆயில் மாற்றி வருஷக்கணக்காகியிருந்தால் முன்னதாகவே மாற்றுங்கள், ஈரம் இழுத்த ஆயில் சூட்டில் கொதித்தால் பெடல் தரை வரைக்கும் போகும். பைன்டவுனுக்கு இறங்குகிற ஃபீல்ட்ஸ் ஹில்லை நம் எல்லோருக்கும் தெரியும், 2013இல் அங்கே ஒரு லாரி டாக்சிகள் மேல் மோதி 24 பேர் போனார்கள். அந்த இறக்கத்தில் மூன்றாம் கியரில் இறங்குங்கள், கால் பிரேக்கிலேயே இருக்கக் கூடாது.

---

325ஐஎஸ், உம்லாங்கா

பின்னால் வரச் சொன்னதில் எனக்கு வருத்தம் இல்லை, சந்தோஷமாக வருகிறேன். ஆனால் ஒரு விஷயத்தில் மலைப்பாதை அண்ணனோடு ஒத்துப்போகவில்லை. 15 வண்டி ஒரே வரிசை வேண்டாம். ஆர்103 ஒற்றைத் தடச் சாலை. நமக்குப் பின்னால் ஒரு பால் வண்டியோ ஊர்க்காரரோ வந்தால் 15 வண்டியை எப்படித் தாண்டுவார்? எதிரில் வண்டி வரும்போது நடுவில் நுழைய இடம் தேடுவார், விபத்து அங்கேதான் நடக்கும். ஐந்து ஐந்தாக மூன்று குழு, பத்து நிமிட இடைவெளி, ஒவ்வொன்றுக்கும் முதல் வண்டி, கடைசி வண்டி. குழுவுக்குள்ளும் வண்டிக்கு வண்டி மூன்று வினாடி இடைவெளி, ஒரு கார் வந்து நுழைந்தால் நுழையட்டும். அது அவர்கள் தினமும் போய்வருகிற சாலை.

மஞ்சள் கோட்டைத் தாண்டி ஓரம் ஒதுங்கி வழிவிடுவது நம் ஊர் மரியாதைதான், ஆனால் அதற்கும் சட்டம் உண்டு. பக்கத்துக்கு ஒரு தடம் மட்டும் இருக்கிற சாலையில், சூரியன் உதித்து மறைவதற்குள், 150 மீட்டர் தெளிவாகத் தெரிந்தால்தான் ஒதுங்கலாம். லிட்கெட்டன் பக்கம் அந்த ஓரத்தில் ஆட்கள் நடப்பார்கள், மாடும் நிற்கும். வளைவிலோ மேட்டின் உச்சியிலோ பண்பு காட்டுகிறேன் என்று ஒதுங்கவே கூடாது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். நேரம் குறிப்பது, யார் முதலில் வந்தது என்று பேசுவது, எதுவும் வேண்டாம். பொதுச்சாலையில் போட்டி என்று ஆகிவிட்டால் அதற்கு எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும். இன்ஷூரன்ஸ்காரர்கள் வாட்ஸ்அப் பதிவைக் கூடக் காட்டச் சொல்லலாம். என் வண்டியின் வேகத்தைப் பார்க்க ஆசைப்படுகிறவர்களை நானே ஒருநாள் டிராக்குக்குக் கூட்டிப்போகிறேன்.

---

மலைப்பாதை அண்ணன், பைன்டவுன்

ஐஎஸ் தம்பி சொல்வது நியாயம், ஒப்புக்கொள்கிறேன். மூன்று குழுவாகப் பிரித்தால் பழைய வண்டிகள் எல்லாம் முதல் குழுவில் வரட்டும், பின்னால் ஏதாவது உதவி வந்துகொண்டே இருக்கும். திருப்பத்தில் ஆள் நிறுத்துவதும் அந்தந்தக் குழுவுக்குள்ளேயே.

---

டோங்காட் அக்கா

மாலை 3.30க்கு நாட்டிங்ஹாம் ரோட்டை விட்டுக் கிளம்பிவிடுங்கள். செப்டம்பரில் ஆறு மணிக்கு இருட்டிவிடும், அந்தக் காலம் புல் எரிக்கிற காலம் வேறு, சாலைக்குக் குறுக்கே புகை வந்தால் இருட்டில் ஒன்றும் தெரியாது. குடும்பத்தோடு வருகிறவர்களுக்கு வாட்ஸ்அப்பில் இருப்பிடத்தை எட்டு மணி நேரத்துக்குப் பகிர்ந்துவிடச் சொல்லுங்கள், பக்கத்து சீட்டில் இருப்பவர் பார்த்துக்கொள்ளட்டும், ஓட்டுகிறவர் கையில் போன் இருக்கக் கூடாது. கார் காவல்காரப் பையன்களுக்குக் கொடுக்கச் சில்லறையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

---

சிட்டி கோல்ஃப் பிரியன், சாட்ஸ்வொர்த்

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. குழுவில் பேசி முடிவு செய்ததைப் போடுகிறேன்.

காலை 6.45க்கு ஹில்க்ரெஸ்டில் கூடுகிறோம், டாங்க் நிரப்பி, கழிப்பறை போய்விட்டு வர வேண்டும். பெட்ரோல் விலை மாதத்தின் முதல் புதன்கிழமைதான் மாறும், அதனால் அந்த வாரம் விலை ஏறும் என்று யாரும் பதற வேண்டாம். 7.15க்கு முதல் குழு. அதில் முன்னால் மெர்பேங்க் மாமா, அவருக்குப் பின்னால் 1400 பக்கி, மூன்று கொரோல்லாவில் இரண்டு, கடைசியில் எங்கள் மெக்கானிக் நண்பரின் டாஸ். இரண்டாவதில் சிட்டி கோல்ஃப் இரண்டும், மீதி கொரோல்லாவும், பாட்டி வருகிற போலோவும். மூன்றாவதில் புது வண்டிகள், கடைசியில் ஐஎஸ் அண்ணா, மறுக்கக் கூடாது. மண்டேலா இடத்தில் மூன்று குழுவும் சேர்ந்து போட்டோ. சாப்பாடு முழுக்க சைவம், ஓட்டுகிறவர்கள் யாரும் அன்றைக்குக் குடிப்பதில்லை.

அதற்கு முந்தைய சனிக்கிழமை என் வீட்டு வாசலில் டயர், ஹோஸ், பிரேக் ஆயில் பார்க்கிறோம். கொரோல்லா அண்ணா, உங்களால் அன்றைக்கு ஒரு மணி நேரம் வர முடியுமா? பக்கியின் ரேடியேட்டர் மூடியை நீங்கள் ஒருமுறை பார்த்துவிட்டால் நிம்மதியாக இருக்கும்.

---

பழைய கொரோல்லா, ஃபீனிக்ஸ்

வருகிறேன் தம்பி. பத்து மணிக்கு. பக்கிக்காரரை எஞ்சின் ஆறிய வண்டியோடு இருக்கச் சொல்லுங்கள், ஓட்டிக்கொண்டு வந்த உடனே மூடியைத் திறக்க முடியாது. மாற்று மூடி ஒன்று என்னிடம் இருக்கிறது, அதையும் எடுத்து வருகிறேன்.